தணிக்கையின் இரு முகங்கள்: யாழ்ப்பாணத் திரையரங்கு குறித்த ஒரு நோக்கு

திரைப்படத் தணிக்கை எனும்போது அரசின் கத்தரிக்கோலையே நாம் முதலில் எண்ணுகிறோம். இலங்கையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானதன்று. பொதுக் காட்சிகள் பற்றிய 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சியின் வித்து. இன்றைய தணிக்கைச் சபை அதன் வழிவந்ததே. எனினும், யாழ்ப்பாணத்தின் அனுபவத்தை நோக்குமிடத்து, சட்டத்தில் எழுதப்படாத இன்னொரு தணிக்கையும் புலனாகின்றது.

முதலில் அரசின் தணிக்கையைக் கருதுவோம். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படம், போரில் இறந்ததாகச் சொல்லப்படும் மகனின் மரணத்தை ஏற்க மறுக்கும் தந்தையைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் அதன் திரையிடலை அரசு தடுத்தது. நெறியாளர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2001இல் அத்தடை சட்டவிரோதமெனத் தீர்ப்பாயிற்று. தடுத்தவர் யாரென்பது தெரிந்திருந்தமையால் வழக்கிடவும் வழி இருந்தது.

இனி இரண்டாவது வகை. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 1977இல் 'பொன்மணி'யைத் தந்தார். சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எவ்வாறு நெரிக்கின்றன என்பதே அதன் பொருள். றீகல், வின்சர், வெலிங்டன், ராணி முதலிய படமாளிகைகள் நிறைந்திருந்த காலம் அது. ஆயினும் தென்னிந்தியப் படங்களிற் பழகிய சுவைஞர்கள், தம் முற்றத்தையே காட்டிய இப்படத்தை ஆதரித்தாரல்லர். வெற்றிருக்கைகளும் ஒருவகைத் தீர்ப்பே.

வெற்றிருக்கையினும் கடுமையானது, இருக்கையே மறுக்கப்படுதல். 1983 வன்செயலையும் தமிழ் இயக்கங்கள் தம்முள் நிகழ்த்திய கொலைகளையும் ஆராயும் யூட் ரட்னத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்னும் ஆவணப்படம் 2017இல் கான் விழாவிற் காட்டப்பட்டது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவின் 2018ஆம் ஆண்டு நிரலில் அது இடம்பெற்றது. எதிர்ப்பு எழவே நீக்கப்பட்டது. போராட்டத்தை இழிவுபடுத்தி அரசுக்குத் துணைபோகின்றதென்பது எதிர்த்தோரின் வாதம். இந்நிலை குடாநாட்டுக்கு மட்டும் உரியதன்று. முன்னாள் சிங்களப் படைவீரனையும் தமிழ்ப் பெண்ணையும் பற்றிய விதானகேயின் பிறிதொரு படத்தின் காட்சிகள் 2014இல் சென்னையிலும் மிரட்டலால் நிறுத்தப்பட்டன.

எதிர்த்தோரின் துயரம் பொய்யென்று நாம் கூறவில்லை. பிள்ளைகளைப் போருக்கு ஈந்த சமூகம் தன் இழப்புக்கு மதிப்பு வேண்டுவது இயல்பே. ஆயின், இயக்கங்களாற் கொல்லப்பட்டோரும் அதே சமூகத்தின் பிள்ளைகளல்லரோ? அவர்தம் தாய்மாரின் துயரம் எவ்வரங்கிற் பேசப்படுவது? மேலும், படம் பிழையானதென்றால் அப்பிழையைக் கண்டு மறுத்துரைக்கும் உரிமையையும் யாழ்ப்பாணப் பார்வையாளர் இழந்தனர். காணாத படத்தை எவரும் மறுத்தல் இயலாது.

அரசின் தடைக்கெதிராக நீதிமன்றம் உண்டு. நம் சமூகம் நமக்கிடும் தடைக்கு அத்தகைய மன்று இல்லை. அதனைத் தளர்த்தும் பொறுப்பு நம்முடையதே. வெட்டப்படாத ஒரு படத்தை ஊரின் பொது அரங்கில், உடன்படுவோரும் மறுப்போரும் அருகருகே அமர்ந்து காண்பதும், விளக்கேறியபின் விவாதிப்பதும் அதற்கு ஏற்ற தொடக்கமாகும்.