வட்டாரக் கோடும் வாக்குரிமையும்

நகராட்சி என்றால் சாக்கடையும் குப்பையும் தெருவிளக்குந்தானே என்று நம்மவரிற் பலர் அசட்டையாக எண்ணுகின்றனர். அவை சிறு காரியங்களாகவே இருக்கட்டும். அவற்றை முடிவு செய்பவர் யார் என்பது சிறு காரியமன்று. வட்டாரக் கோடு எங்கே விழுகின்றது, அக்கோட்டுக்குள் வோட்டு யாருக்கு உண்டு என்னும் இரண்டையும் அறிந்தாலன்றி ஓர் ஊரின் ஆட்சி விளங்காது. பினாங்கு நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜார்ஜ் டவுனில் 1857-ம் ஆண்டிலேயே முனிசிபல் கமிஷனர்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. எனினும் வோட்டு வரி செலுத்துவோர்க்கே உரியதாயிருந்தது. சாலை வெட்டியவனும் மூட்டை சுமந்தவனும் கணக்கிற் சேரவில்லை. அக்குறுகிய உரிமையையும் 1913-ம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. பின்னர் கமிஷனர்கள் சர்க்காரால் நியமிக்கப்பெற்றனர்.

38 ஆண்டுகள் கழித்து, 1951 டிசம்பர் 1-ம் நாள் மீண்டும் தேர்தல் வந்தது. நகரம் தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, வட்டாரத்திற்கு மூவராக ஒன்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சபையின் 15 இடங்களில் எஞ்சிய ஆறும் நியமனமே. 1956-ல் நியமனம் ஒழிந்து, இடங்கள் அனைத்தும் மக்கள் கைக்கு வந்தன. 1957 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சார்ந்த தமிழர் டி. எஸ். இராமநாதன் ஆவார்.

இவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தோனேசியாவுடன் மூண்ட பகைமையைக் காரணங்காட்டி 1965-ல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, தேர்தலை மீட்க வேண்டுமென்றே பரிந்துரைத்தது. பகைமை தீர்ந்தது; தேர்தல் திரும்பவில்லை. 1976-ம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டிற்று. பினாங்கு மாநிலம் தேர்தலை மீண்டும் நடத்த முயன்று வழக்காடியபோதும், 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இஃது அயலார் கதையன்று. நகரத்தார்க்குக் கோடு இருந்து அழிந்தது; தோட்டங்களிற் பெரும்பாலானவற்றிற்கோ கோடே வந்ததில்லை. லயத்துக் குடிநீரும் கால்வாயும் துரைமாரின் பொறுப்பென விடப்பட்டன. பின்னாளில் தோட்டங்கள் விற்கப்பட்டு நம்மவர் பட்டண ஓரங்களிற் குடியேறியபோது, அங்கும் நகராட்சித் தேர்தல் மறைந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக நகராட்சிக்கென ஒரு வோட்டும் போட்டறியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

நியமனம் பெற்றவருள் நல்லவர் இல்லையென்று நாம் கூறவில்லை. நல்லவராயினும் தம்மை அமர்த்தியவர்க்கே அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 1857-ல் வரி செலுத்தியவன் மட்டுமே வோட்டுப் போட்டான். இன்று வீட்டுக்கு வீடு மதிப்பீட்டு வரி செலுத்துகின்றோம். வோட்டோ ஒருவர்க்கும் இல்லை. முன்னோர்க்கு மறுக்கப்பட்டது நமக்கும் மறுக்கப்படுவது முறைதானா என்பதை வரி ரசீதைக் கையில் வாங்கும்போதேனும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.