கரைவது வேறு, சிதைவது வேறு: பொலிவைனைல் அற்ககோல்

நீரில் கரையும் செயற்கைப் பல்பகுதியங்களுள் முக்கியமானது பொலிவைனைல் அற்ககோல். 1924ஆம் ஆண்டு ஜேர்மனிய இரசாயனவியலாளர்களான ஹெர்மன், ஹேனல் ஆகியோர் இதனை முதன்முதலில் தயாரித்தனர். வைனைல் அற்ககோல் நிலையற்றது என்பதால், பொலிவைனைல் அசற்றேற்றிலிருந்தே இது பெறப்படுகிறது. சுமார் 88 சதவீதம் மாற்றப்பட்ட வகை குளிர்நீரிலேயே கரையும்; முழுமையாக மாற்றப்பட்ட வகைக்குச் சுடுநீர் தேவை. உலர்ந்த நிலையில் இதன் மென்படலம் எண்ணெயையும் ஒட்சிசனையும் எளிதில் ஊடுருவ விடாது.

நெசவாலைகளில் பாவு நூலுக்கான கஞ்சியாகவும், கடதாசிப் பூச்சாகவும், பசையாகவும், நீரில் இட்டதும் கரையும் சலவைத் திரவப் பொதிகளின் உறையாகவும் இது பயன்படுகிறது. கண்ணுக்கு இடும் துளி மருந்துகளிலும் உண்டு.

ஆனால் கரைந்தது அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. கழிவுநீரில் இதனைச் சிதைக்க, அதற்குப் பழகிய நுண்ணங்கிகளும் போதிய காலமும் வேண்டும். அவை இல்லாதவிடத்து, கண்ணுக்குத் தெரியாமலே அது ஆறுகளைச் சென்றடையலாம்.