பொதுமுறை மின்னழுத்தத் தணிப்பு

இன்வெர்ட்டர் வழி இயங்கும் மோட்டார்களில் மூன்று கட்டங்களுக்கும் பொதுவாக எழும் வேண்டாத மின்னழுத்தத்தைக் குறைக்கும் முறைகள். நீலகிரியில் இது முதன்மையாகத் தேயிலைத் தொழிற்சாலை விசிறிகளைப் பற்றியது.

நீலகிரிக்கு முதலில் வந்தது நீர்மின்சாரமே: அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் பெற்றது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. இன்வெர்ட்டர் வழி வராத அந்த மின்சாரத்தில் மூன்று கட்ட சைன் அலைகளின் கூட்டுத்தொகை சுழி; எனவே பொதுமுறை மின்னழுத்தம் எழவில்லை. ஆயினும் பெரிய இயந்திரங்களின் தண்டில் காந்தச் சமச்சீரின்மையால் மின்னோட்டம் பாய்வதை ஆல்ஜர், சாம்சன் இருவரும் 1924இலேயே விளக்கியிருந்தனர்.

1990களில் ஐ.ஜி.பி.டி. எனும் விரைவாக மாறும் சாதனங்களைக் கொண்ட இன்வெர்ட்டர்கள் பரவியதும் நிலை மாறியது. 415 வோல்ட் மின்வழங்கலைத் திருத்தினால் ஏறத்தாழ 587 வோல்ட் நேர்மின்னழுத்தம் கிடைக்கும். இருமட்ட இன்வெர்ட்டரின் எட்டு சுவிட்சு நிலைகளில் ஆறு நிலைகள் ±98 வோல்ட்டையும், மூன்று கட்டங்களும் ஒரே முனையில் இணையும் இரண்டு சுழி நிலைகள் ±293 வோல்ட்டையும் பொதுமுறையாகத் தருகின்றன. இதில் பத்தில் ஒரு பங்கு வரை தண்டில் தேங்கக்கூடும். பேரிங்கின் மெல்லிய எண்ணெய்ப் படலம் அதைத் தாங்காமல் உடையும்போது சிறு தீப்பொறி தெறிக்கிறது. இப்படிப் பல லட்சம் பொறிகள் விழுந்தபின், ஓடுதடத்தில் ஏணிப்படிகள் போலச் சம இடைவெளியில் கோடுகள் தோன்றும்.

தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்குத் தொடக்கத்தில் காற்று மிகுதியாகத் தேவை; இலை துவண்டபின் குறைவாக இருந்தால் போதும். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்திறன் ஏறக்குறையப் பாதியாகும். வேகமாற்றியாக இன்வெர்ட்டர் பொருத்துவதன் ஆதாயம் இதுவே. இவ்விசிறி மோட்டார்கள் சிறியவை. பெரிய மோட்டார்களின் தண்டு, பேரிங்குகள் வழியே சுற்றிவரும் மின்னோட்டம் இவற்றில் அவ்வளவாக எழுவதில்லை. ஆகவே ஒருபக்கப் பேரிங்கை மட்டும் காப்பிடுவது இங்கே அதிகம் உதவாது என்பர். தண்டைப் புவியிணைக்கும் தூரிகை, பீங்கான் குண்டுப் பேரிங் ஆகியவை பொருந்தும். ஈரமும் தூசியும் மிகுந்த இடத்தில் தூரிகை எத்தனை காலம் நம்பகமாக இருக்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மூலத்திலேயே தணிப்பதும் இயலும். சுழி நிலைகளைத் தவிர்த்தால் பொதுமுறை மின்னழுத்தத்தின் உச்சம் மூன்றில் ஒன்றாகும். ஆனால் மின்னோட்டச் சிற்றலை பெருகும். 1981இல் நபே, தகஹாஷி, அகாகி அறிவித்த மும்மட்ட இன்வெர்ட்டரின் 27 நிலைகளுள் ஏழில் பொதுமுறை மின்னழுத்தம் அறவே இல்லை. அவற்றை மட்டும் பயன்படுத்தினால் வெளியீட்டில் ஏறத்தாழ 13 விழுக்காடு இழப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோபகுமார் குழுவினர், மோட்டார்ச் சுருள்களின் இரு முனைகளையும் திறந்துவைத்து இரண்டு இருமட்ட இன்வெர்ட்டர்களால் ஊட்டி இதே விளைவைப் பெற்றனர் (2004).

அண்மைக்காலச் சிலிக்கான் கார்பைடு சாதனங்கள் இன்னும் விரைவாக மாறுவதால், பொதுமுறை மின்னழுத்தத்தைத் தணிக்கும் வடிகட்டிகளின் தேவை கூடியுள்ளது.