ருத்ரா (இசைக்குழு)

ருத்ரா: சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கப்பட்ட எக்ஸ்ட்ரீம் மெட்டல் இசைக்குழு. பாடகரும் பேஸ் கித்தார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா ஆகிய இருவரும் இதன் தூண்கள். திராஷின் வேகம், டெத் மெட்டலின் உறுமல், பிளாக் மெட்டலின் இருட்டு மூன்றும் கலந்த இசை இவர்களுடையது. அந்த இசைக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'வேதிக் மெட்டல்'.

இவ்வகைக் கலப்பு 1980-களில் பிறந்தது. இங்கிலாந்தின் வெனம் 1982-இல் 'பிளாக் மெட்டல்' தொகுப்பை வெளியிட்டது. புடாபெஸ்டில் டோர்மென்டர் குழு அதே தசாப்தத்தில் பதிவுசெய்த 'அன்னோ டோமினி', கைமாறிய கேசட்டுகள் வழியே பரவியது. அதன் பாடகர் அத்தில்லா சிஹார் பின்னர் நார்வேயின் மேஹெம் குழுவுக்குப் பாடினார்.

அந்தக் குழுக்கள் சாத்தானைக் கூப்பிட்ட இடத்தில் ருத்ரா உபநிடதங்களை வைத்தது. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே வடமொழிச் சுலோகம். முதல் தொகுப்பு 1998-இல் வந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'பிரம்மவித்யா' முத்தொகுப்பே இவர்களின் உச்சம். அத்தலைப்புகளில் வரும் 'ஐ' (I) ரோமன் எண் அல்ல, 'நான்' என்னும் ஆங்கிலச் சொல், அத்வைதத்தின் ஆன்மா. வேதாந்தத்துக்கு இத்தனை இரைச்சலா எனக் கேட்பவர், விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை இரவுப் பம்பையையும் உடுக்கையையும் ஒருமுறை கேட்டு வரலாம்.

தமிழர் பங்கேற்ற குழு என்றாலும், தமிழ்ப் பாடல்கள் இவர்களின் அடையாளமாகவில்லை.