மருந்து கையில் இருந்தும் மறந்துபோன கதை: ஸ்கர்வியும் காய்கறியும்



பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளை அதிகமாகக் கொன்றது எது தெரியுமா?

புயல் இல்லை. கடற்கொள்ளையர் இல்லை. எதிரியின் பீரங்கியும் இல்லை.

காய்கறி இல்லாத சாப்பாடு.

மிகைப்படுத்திச் சொல்றேன்னு தோணலாம். ஒரு கணக்கைப் பாருங்க. 1740-ல் ஜார்ஜ் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் தளபதி உலகைச் சுற்றப் புறப்பட்டார். கூடப் போனவர்கள் சுமார் 1,900 பேர். 1744-ல் ஒரே ஒரு போர்க்கப்பல்தான் ஊர் திரும்பியது. 1,300 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். எதிரியோடு சண்டையிட்டு இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களைக் கொன்றது நோய்கள். அதில் முதல் இடம் ஸ்கர்விக்கு.

நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. 1498-ல் கோழிக்கோடு வந்த வாஸ்கோ ட காமா, திரும்பும்போது அரபிக்கடலைக் கடக்கவே ஏறத்தாழ மூணு மாசம் ஆச்சு. அந்த ஒரு கடப்பில் மட்டும் சுமார் 30 பேர் ஈறு வீங்கி, கை கால் வீங்கி இறந்தார்கள்.

சரி, ஸ்கர்வின்னா என்ன?

முதல்ல அசதி. எழுந்து நிக்கவே மனசு வராது. அப்புறம் மூட்டு வலி, தோலுக்கடியில் ரத்தக் கட்டு. ஈறு பஞ்சு மாதிரி வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடி விழும். கடைசியில் உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டு, இல்லைன்னா இதயம் நின்று, மரணம்.

இதைவிடப் பயங்கரம் ஒண்ணு இருக்கு. ஆன்சன் கப்பலில் ஒரு முதியவர் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு போரில் பட்டு, நல்லா ஆறிப்போன காயம் அவருக்கு ஸ்கர்வி வந்ததும் மறுபடி திறந்துகொண்டது என்று அந்தப் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

எப்படி இது சாத்தியம்?

நம் உடம்பைக் கட்டி நிறுத்தும் சிமெண்ட் மாதிரியான புரதம் ஒண்ணு இருக்கு. பேர் கொலாஜன். தோல், ஈறு, ரத்தக்குழாய், எலும்பு, ஆறிய தழும்பு எல்லாத்திலும் இதுதான். இந்தச் சிமெண்ட் இறுகுவதற்கு வைட்டமின் சி வேணும். தழும்பிலும் பழைய கொலாஜன் போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கும். வைட்டமின் சி இல்லைன்னா பழசு போகும், உருப்படியான புதுசு வராது. தையல் பிரிந்த மாதிரி காயம் திறந்துவிடும்.

பெரும்பாலான விலங்குகள் இந்த வைட்டமினைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். ஆடு, நாய், எலி எல்லாம் அப்படித்தான். மனிதனால் முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

அந்தக் காலக் கப்பல் சாப்பாடு என்ன? காய்ந்த பிஸ்கட், உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, காய்ந்த பட்டாணி, ஓட்ஸ், பீர். வயிறு நிறையும். வைட்டமின் சி கிட்டத்தட்ட பூஜ்யம். உடம்பின் கையிருப்பு ரெண்டு மூணு மாசத்தில் தீர்ந்துவிடும். நீண்ட கடல் பயணம் எல்லாமே அதைத் தாண்டியது.

யாருக்குமே இது புரியலையா? புரிந்தது. அதுதான் இந்தக் கதையின் சோகம்.

1734-லேயே பாக்ஸ்ட்ராம் என்ற மருத்துவர், ஸ்கர்விக்கு ஒரே காரணம் பச்சைக் காய்கறி, கீரை சாப்பிடாமல் இருப்பதுதான் என்று புத்தகம் போட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1747 மே மாதம். சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஸ்கர்வி வந்த 12 பேரை எடுத்து ரெண்டு ரெண்டு பேராப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. கூடுதலா ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு பூண்டு, கடுகு எல்லாம் அரைத்த லேகியம். கடைசி ஜோடிக்கு தினம் ரெண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை.

ஆறாவது நாள் பழம் தீர்ந்துபோச்சு. ஆனா அந்த ஜோடியில் ஒருத்தர் அதுக்குள்ளேயே வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். இன்னைக்கு நாங்க மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒப்பீட்டுச் சோதனைகளுக்கு முன்னோடி இது.

அப்புறம் என்ன, பிரச்சனை முடிஞ்சதா? இல்லை. பழச்சாறு கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்க அதைச் சுண்டக் காய்ச்சி வைக்கச் சொன்னார் லிண்ட். காய்ச்சும்போது வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துபோகும். அப்போ வைட்டமின் என்ற சொல்லே இல்லை. அவரால் அது தெரிந்திருக்க முடியாது.

அடுத்து கேப்டன் ஜேம்ஸ் குக். 1768-ல் எண்டெவர் கப்பலில் 3 டன்னுக்கும் மேல் சவர்க்ரௌட் ஏற்றிக்கொண்டு போனார். முட்டைக்கோஸைப் பொடியா நறுக்கி, உப்பு போட்டு அழுத்தி, புளிக்கவைக்கும் ஜெர்மன் நாட்டு ஊறுகாய் அது. அடுப்பில் ஏற்றாததால் வைட்டமின் சி கணிசமாகத் தங்கும். பல மாசம் கெடாது.

மாலுமிகள் சாப்பிட மறுத்தார்கள். புளிச்ச கோஸை யார் தின்பது? குக் ஒரு வேலை செய்தார். அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் சொன்னார். மாலுமிகளிடம், உங்களுக்கு விருப்பம் இருந்தா எடுங்க, இல்லைன்னா விடுங்கன்னு சொல்லிட்டார். பெரியவங்க சாப்பிடுறாங்கன்னா அதில் ஏதோ இருக்குன்னு எல்லாரும் கேட்க ஆரம்பிச்சு, ஒரு வாரத்துக்குள் அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்ததா அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். காய் சாப்பிடாத பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மா அப்பாக்கள் கவனிக்கவும்!

கரை சேரும் இடமெல்லாம் காட்டுக் கீரையைப் பறித்து கஞ்சியில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் ஸ்கர்வியால் அவர் கப்பலில் யாரும் சாகவில்லை. ஆனால் பல விஷயங்களை ஒரே நேரத்தில் செய்ததால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெருமை முளைகட்டிய பார்லிக் கஷாயத்துக்குப் போனது. அதில் வைட்டமின் சி இல்லவே இல்லைன்னு சொல்லலாம்.

ஒருவழியா 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவு செய்தது. லிண்டின் சோதனைக்கு 48 வருஷம் கழித்து! ஸ்கர்வி ஏறக்குறைய மறைந்தது.

இங்கே கதை முடிந்திருக்கணும். முடியலை.

1860-களில் மத்தியதரைக் கடல் எலுமிச்சைக்குப் பதிலா, பிரிட்டனின் சொந்தக் காலனிகளான மேற்கிந்தியத் தீவுகளின் சின்ன லைம் பழத்துக்கு மாறினார்கள். ரெண்டும் புளிப்புதானே, ஒண்ணுதானே என்று நினைத்தார்கள். ஆனா அந்த லைம் சாறுக்கு எலுமிச்சையின் கால் பங்கு சக்திதான் என்று 1918-ல் தெரிந்தது. போதாக்குறைக்கு காற்றும் வெளிச்சமும் பட வைத்து, செம்புக் குழாயில் ஓடவிட்டார்கள். செம்பு பட்டா வைட்டமின் சி சீக்கிரம் அழியும்.

அப்போதே ஏன் தெரியலை? நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பயண நாள் குறைந்தது. ஸ்கர்வி வருவதற்குள் கரை வந்துவிட்டது. மருந்து வேலை செய்வதாக எல்லோரும் நம்பினார்கள்.

1875-ல் வட துருவம் நோக்கிப் போன பிரிட்டிஷ் குழுவில் ஸ்கர்வி பரவி, பயணத்தைச் சுருக்கிக்கொண்டு மறு வருஷமே திரும்பியது. கப்பலில் லைம் ஜூஸ் இருந்தும் இப்படியா என்று அதிர்ச்சி. விளைவு? பழத்தின் மேலேயே நம்பிக்கை போச்சு. கெட்டுப்போன டின் இறைச்சியின் நஞ்சுதான் காரணம் என்ற கொள்கை வந்தது. தெரிந்த விடையை மனித குலம் தொலைத்தது இப்படித்தான்.

கடலில் மட்டும்தான் இதுன்னு நினைக்காதீங்க.

1822-ல் லண்டன் மில்பேங்க் சிறையில், கைதிகளுக்குச் சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குன்னு விமர்சனம் வந்தது. சாப்பாட்டைக் குறைத்தார்கள், உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள். அடுத்த குளிர்காலத்திலேயே சிறைக்குள் ஸ்கர்வி.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அங்கே ஏழைகள் தினம் கிலோ கணக்கில் உருளைக்கிழங்கைத்தான் சாப்பிட்டார்கள். அதற்குப் பதில் நிவாரணமாக மக்காச்சோள மாவு வந்தது. கலோரி வந்தது, வைட்டமின் சி வரவில்லை. பஞ்சத்தோடு ஸ்கர்வியும் சேர்ந்துகொண்டது. நாம் வெறும் மாவுச்சத்து என்று ஒதுக்கும் உருளைக்கிழங்கு, ஒரு தேசத்தையே ஸ்கர்வியிலிருந்து காத்து நின்றது.

திருப்பம் 1907-ல், நார்வேயில். ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வேறொரு நோயை ஆராய கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது! முட்டைக்கோஸ் கொடுத்ததும் சரியானது. மனிதனைப் போல வைட்டமின் சி தயாரிக்க முடியாத சில விலங்குகளில் கினிப் பன்றியும் ஒன்று. எலியை எடுத்திருந்தா எதுவுமே தெரிந்திருக்காது.

கடைசியில் ஹங்கேரி. செகெட் நகரம் பப்ரிகா மிளகாய்க்குப் பேர் போனது. ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி அங்கே பேராசிரியர். ஒரு ராத்திரி மனைவி பப்ரிகா வைத்தாராம். இவருக்குச் சாப்பிடப் பிடிக்கலை. இதைச் சோதித்ததே இல்லையே என்று ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாராம். சில வாரங்களில் வைட்டமின் சி கிலோ கணக்கில் கையில்! 1937-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. அந்தப் பொருளின் பெயர் அஸ்கார்பிக் அமிலம். ஸ்கர்வியைப் போக்கும் அமிலம் என்றே அர்த்தம்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் நகரில், ராணுவத்தில் சேர மறுத்த தன்னார்வலர்களை வைத்து ஹான்ஸ் கிரெப்ஸ் குழு சோதித்தது. தினம் வெறும் 10 மில்லிகிராம் போதும், ஸ்கர்வி வராது. இத்தனை உயிர்களுக்கும் இவ்வளவு சின்ன அளவுதான் குறைவு.

நமக்கு இதில் என்ன பாடம்?

ஸ்கர்வி இன்னும் முழுசாப் போகலை. டீயும் பன்னுமா வாழும் தனிமை முதியவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், ரெண்டு மூணு உணவைத் தவிர எதையும் தொடாத குழந்தைகளிடம் இன்றும் வரும்.

10 மில்லிகிராம் என்பது ஸ்கர்வியைத் தடுக்கும் அளவு. ஆரோக்கியத்துக்கு ஐசிஎம்ஆர் பரிந்துரை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். ஒரு கொய்யா சாப்பிட்டாலே தாண்டிவிடும். குடைமிளகாய், முருங்கைக்கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நெல்லிக்காய் எல்லாத்திலும் உண்டு.

காயைக் கழுவிவிட்டு நறுக்குங்க. நறுக்கிய காயைத் தண்ணியில் ஊறப்போடாதீங்க. வேகவைத்த தண்ணியைக் கொட்டாதீங்க, ரசத்துக்கோ சாம்பாருக்கோ ஊத்துங்க. நிறத்துக்காக ஆப்ப சோடா வேண்டாம். எலுமிச்சையை அடுப்பை அணைச்ச பிறகு பிழியுங்க. கீரையோட எலுமிச்சை சேர்ந்தா இரும்புச்சத்தும் நல்லா உடம்பில் சேரும்.

ஈறில் ரத்தம் வந்தால் உடனே ஸ்கர்வின்னு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஈறு நோய்தான். பல் மருத்துவரைப் பாருங்க. நீங்களா மாத்திரை வாங்கி அள்ளிப் போடாதீங்க. மிஞ்சியது சிறுநீரில் போகும், அளவு ரொம்ப மீறினா சிறுநீரகக் கல்லும் வரலாம்.

எலுமிச்சை வேலை செய்யுதுன்னு அவங்களுக்குத் தெரிந்தது. ஏன் வேலை செய்யுதுன்னு தெரியலை. அதனாலதான் எளிதா மறந்தாங்க. காரணம் தெரிந்த நாம் மறக்கலாமா?

இன்னைக்கு உங்க தட்டில் என்ன காய்? கீழே சொல்லுங்க.