பஞ்சசீலா (இந்தோனேசியா)

இக்கட்டுரை இந்தோனேசிய அரசின் அடிப்படைக் கொள்கை பற்றியது. 1954 இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டில் உள்ள பஞ்சசீலக் கொள்கை வேறு.

பஞ்சசீலா என்பது இந்தோனேசியக் குடியரசின் அடித்தளமாக அமைந்த ஐந்து கொள்கைகளைக் குறிக்கும். ஐந்து எனப் பொருள்படும் பஞ்ச, ஒழுக்கம் எனப் பொருள்படும் சீல ஆகிய சமசுகிருதச் சொற்களிலிருந்து இப்பெயர் உருவானது. 1945 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரையில் இவை இடம்பெற்றுள்ளன. இந்நாட்டின் அரசியல் பிணக்குகள் பலவற்றில் எதிரெதிர்த் தரப்பினர் இருவருமே இக்கொள்கைகளைத் தமக்குச் சான்றாகக் காட்டி வந்துள்ளனர்.

ஐந்து கொள்கைகள்

1. ஒரே இறைவன் மீதான நம்பிக்கை
2. நீதியும் பண்பாடும் உடைய மனிதநேயம்
3. இந்தோனேசியாவின் ஒருமைப்பாடு
4. பேராளர்களின் கலந்தாய்வில் விளையும் அறிவால் வழிநடத்தப்படும் மக்களாட்சி
5. மக்கள் அனைவருக்கும் சமூக நீதி

தோற்றம்

சப்பானிய ஆட்சியின்போது அமைக்கப்பட்ட விடுதலை ஆயத்தக் குழுவில், 1945 சூன் 1 அன்று சுகர்ணோ ஆற்றிய உரையில் இக்கொள்கைகளை முன்வைத்தார். அவ்வுரையில் இறைநம்பிக்கை ஐந்தாவதாக இருந்தது. சூன் 22 அன்று ஒன்பதின்மர் குழு உருவாக்கிய ஜகார்த்தா சாசனத்தில் அது முதலிடம் பெற்றது. இசுலாமியர் தம் சமயச் சட்டத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர் என்னும் தொடரும் அதனுடன் சேர்க்கப்பட்டது. இந்தோனேசிய மொழியில் இத்தொடர் ஏழு சொற்களால் ஆனது. கிழக்குப் பகுதிக் கிறித்தவர்களின் எதிர்ப்பை அறிந்த முகம்மது அத்தா, இசுலாமியத் தலைவர்களுடன் பேசி, விடுதலை அறிவிப்புக்கு மறுநாளான ஆகத்து 18 அன்று இத்தொடரை நீக்கச் செய்தார். எனவே பஞ்சசீலா தொடக்கத்திலேயே ஓர் இணக்க உடன்பாடாக அமைந்தது எனலாம்.

அரசியலமைப்பு அவை

1955 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியலமைப்பு அவையில் இசுலாமியக் கட்சிகள் இசுலாமே அரசின் அடிப்படையாக வேண்டும் என்றன. தேசியவாத, கிறித்தவ, பொதுவுடைமைக் கட்சிகள் பஞ்சசீலாவை ஆதரித்தன. எத்தரப்புக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. 1959 சூலை 5 அன்று சுகர்ணோ அவையைக் கலைத்து, 1945 அரசியலமைப்பை மீண்டும் நடைமுறைப்படுத்தினார்.

சுகார்த்தோ காலம்

1965-66 இல் பொதுவுடைமையாளர் எனக் கருதப்பட்ட இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதன்பின் அமைந்த சுகார்த்தோவின் ஆட்சி, பொதுவுடைமையைப் பஞ்சசீலாவுக்குப் பகையானதாகக் காட்டியது. 1978 முதல் மாணவர்களும் அரசு ஊழியர்களும் பஞ்சசீலா பயிற்சி பெற வேண்டியிருந்தது. 1985 இல் இயற்றப்பட்ட சட்டங்கள், கட்சிகளும் பொது அமைப்புகளும் இதனையே தம் ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்றன. ஆட்சியை எதிர்த்தோர் மீது பஞ்சசீலாவுக்கு எதிரானோர் என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. 1998 இல் சுகார்த்தோ பதவி விலகிய பின் கட்டாயப் பயிற்சி கைவிடப்பட்டது; ஆயினும் பஞ்சசீலா அரசின் அடிப்படையாக நீடித்தது.

அண்மைக்காலப் பிணக்குகள்

* நீக்கப்பட்ட ஏழு சொற்களை அரசியலமைப்பில் சேர்க்கச் சில இசுலாமியக் கட்சிகள் 2002 இல் மேற்கொண்ட முயற்சி வெற்றி பெறவில்லை. நாட்டின் மிகப்பெரிய இசுலாமிய அமைப்புகளான நகுதலத்துல் உலமா, முகம்மதியா ஆகியவற்றின் தலைவர்களும் அதனை ஏற்கவில்லை.
* 2017 சூலையில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின்படி, கலீபா ஆட்சியைக் கோரிய இசுபுத் தகிரீர் அமைப்பு பஞ்சசீலாவுக்கு முரணானது எனக் கலைக்கப்பட்டது. நீதிமன்ற விசாரணைக்கு முன்பே கலைக்க இடமளிப்பதால் இச்சட்டத்தை மனித உரிமை அமைப்புகள் குறைகூறின.
* அதே ஆண்டு நவம்பரில், மரபுவழி நம்பிக்கையாளர்கள் அடையாள அட்டையில் தம் நம்பிக்கையைக் குறிப்பிடலாம் என அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அவர்களுக்கு அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது.
* 2020 இல் பஞ்சசீலா கருத்தியல் குறித்த சட்ட முன்வரைவு எதிர்ப்பைச் சந்தித்தது. ஐந்து கொள்கைகளை மூன்றாகவும் பின்னர் ஒன்றாகவும் சுருக்கலாம் என்ற சுகர்ணோவின் பழைய கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. இது இறைநம்பிக்கையின் இடத்தைக் குறைக்கும் என இசுலாமிய அமைப்புகள் வாதிட்டன. அரசு அதன் மீதான விவாதத்தை ஒத்திவைக்கக் கோரியது.

மதிப்பீடு

கொள்கைகள் சுருக்கமாகவும் பொதுவாகவும் இருப்பதால் பல்வேறு சமயத்தாரும் கட்சியினரும் அவற்றை ஏற்க முடிகிறது. அதே காரணத்தால் ஆட்சியாளர் தமக்கு வேண்டிய பொருளை அவற்றுக்குத் தரவும் முடிகிறது. 1945 இல் பேச்சுவார்த்தையின் விளைவாக இருந்த பஞ்சசீலா, 1985 இல் மாற்றுக் கருத்தை விலக்கும் அளவுகோலாயிற்று. ஆகவே கொள்கைகளை ஏற்பதா என்பதைவிட, அவற்றுக்குப் பொருள் கூறும் உரிமை நாடாளுமன்றத்துக்கா, நீதிமன்றத்துக்கா, அரசுக்கா என்பதே இன்றைய விவாதங்களின் மையமாக உள்ளது.