தக்ளியில் நூற்ற பரிசு



போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி கூடத்தில் உட்கார்ந்து, மூங்கில் வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்த பெண்ணுக்குக் கல்யாணமாம். மணமக்கள் பெயர், முகூர்த்தத் தேதி, சுற்றிலும் ஆவாரம்பூ. பத்து நாளாக ராத்திரி உட்கார்ந்து தைக்கிறாளாம்.

"ஏன் கண்ணு, கிராஸ்கட் ரோட்டுல போனா அஞ்சு நிமிசத்துல ஒரு பரிசு வாங்கிப்புடலாமே?" என்றேன்.

"வாங்கலாம் அப்புச்சி. ஆனா அதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் வரலாறு பாடம் எடுத்தவனை ஒரே வரியில் வாயடைக்க வைத்துவிட்டாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு நம் கொங்கு மண்ணிலேயே ஒரு பெரிய கதை இருக்கிறதே என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் பின்பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதாவது முழுதாகப் படியுங்கள்!

நம்முடையது பருத்தி விளைந்த பூமி. ஆலைகள் வருவதற்கு முன், நூல் நூற்பது வீட்டு வேலை. பெண்கள் காட்டு வேலை முடித்து வந்து, மிச்ச நேரத்தில் ராட்டை சுற்றினார்கள். 1888-ல் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் தொடங்கியது. ஸ்டேன்ஸ் மில் என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். பிறகு 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஒரு ராட்டை ஒரு நாளில் நூற்பதை ஆலைக் கதிர்கள் கண் மூடித் திறப்பதற்குள் நூற்றுத் தள்ளின. கையால் நூற்க வேண்டிய அவசியமே போய்விட்டது.

அவசியம் போன அந்தக் காலத்தில்தான் கைநூல் ஒரு புது மரியாதையோடு திரும்பி வந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

1924 டிசம்பரில் பெல்காமில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் காந்தி. காங்கிரசில் உறுப்பினராக இருக்க வேண்டுமானால் காசு கட்டினால் போதாது, மாதம் 2000 கஜம் நூல் நூற்றுக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2000 கஜம் என்றால் 1,800 மீட்டருக்கு மேல். வக்கீலும் மிட்டாதாரும் ராட்டை முன்னால் உட்கார வேண்டும்! ஆனால் அதே விதியில் ஒரு சலுகையும் இருந்தது. உடம்பு சரியில்லை என்றாலோ விருப்பமில்லை என்றாலோ, வேறொருவர் நூற்ற நூலை வாங்கியும் கட்டலாம். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு வருடம் முடிவதற்குள் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் தனியாகத் தோன்றியது. அதன் முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1000 கஜம் தன் கையாலேயே நூற்றுத் தர வேண்டும்.

என் பேத்தி கேட்டதும் இதுதானே? கடையில் வாங்கிக் கட்டிய நூலில், கட்டியவர் எங்கே இருக்கிறார்?

இந்த இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் நடுமையமாக இருந்தது நம் பகுதிதான். சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து இயங்கியது. இன்றைக்கு பனியனுக்குப் பெயர் போன ஊர், அன்றைக்குக் கதருக்குப் பெயர் போன ஊர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்துக் காடு காய்ந்து கிடந்த கிராமங்களில், நூற்பவர்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூலை வாங்கிக் கூலி கொடுத்தார்கள். ஈரோட்டில் பெரியார், அப்போது காங்கிரஸ்காரர், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். வயதான தாயாரையும் கதர் உடுத்த வைத்தார்.

இங்கே இரண்டு வகை நூல் இருந்ததைப் பிரித்துப் பாருங்கள். புதுப்பாளையம் பக்கத்து ஏழைப் பெண் நூற்றது வயிற்றுக்கு. வக்கீல் நூற்றது மனதுக்கு. முன்னது கூலி, பின்னது கொடை. இரண்டும் ஒரே ராட்டை, ஒரே பஞ்சு. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

கொடையாக நூற்ற நூலுக்கு அந்தக் காலத்தில் இருந்த மதிப்பே தனி. கூட்டத்துக்கு வரும் தலைவருக்குப் பூமாலைக்குப் பதில் நூல்மாலை போடுவார்கள். பூ சாயங்காலம் வாடிவிடும். நூல் சட்டையாகிவிடும். 1942 மார்ச்சில் இந்திராவின் கல்யாணம். அவர் உடுத்தியது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புப் புடவை. வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். எந்தப் பட்டையும் வாங்கியிருக்கலாம். 1947 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். காந்தி தான் நூற்ற நூலில் பின்னிய ஒரு விரிப்பை அனுப்பினார். உலகம் முழுக்க வந்து குவிந்த நகைகளுக்கு நடுவே இந்தப் பருத்தித் துணி. இளவரசியின் பாட்டி மேரி ராணிக்கு அது பிடிக்கவில்லை; காந்தி கட்டுகிற கோவணம் என்று நினைத்து முகம் சுளித்தாராம். கையால் செய்த பரிசைக் கொடுப்பதற்கு மட்டுமல்ல, வாங்கிக்கொள்வதற்கும் ஒரு மனம் வேண்டும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. ஏதாவது ஒரு கைத்தொழிலை மையமாக வைத்தே எல்லாப் பாடங்களையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார் காந்தி. ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்துப் பாடத்திட்டம் எழுதினார்கள். தமிழில் இதற்கு ஆதாரக் கல்வி என்று பெயர். இதை நம் பக்கம் வேரூன்றச் செய்தவர் தி.சு. அவிநாசிலிங்கம். திருப்பூர்க்காரர். 1930-ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலமரமாக நிற்கிறதே, அதேதான். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்வியைப் பரப்பினார்.

அதன் வால்தான் நான் படித்த 1960-களின் பள்ளிக்கூடம். அவிநாசிப் பக்கம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆளுக்கொரு தக்ளி. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஒரு சாண் கம்பி, அடியில் காலணா அளவுக்குப் பித்தளைத் தட்டு, மேலே சிறு கொக்கி. அவ்வளவுதான். பஞ்சுப் பட்டையை இடது கையில் பிடித்து, வலது கை விரலில் சாம்பல் தொட்டுத் தக்ளியைச் சுழற்றிவிட வேண்டும். அது கொட்டாங்குச்சிக்குள் பம்பரம் போலச் சுற்றும். கை மெல்ல மேலே போக, பஞ்சு நூலாக இறங்கும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பயந்து பயந்து இழுத்தால் தடிமனாகிவிடும். பிறகு நூலை மரச்சட்டத்தில் சுற்றிச் சிட்டம் போடுவோம்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் எல்லோரும் நூற்ற சிட்டங்களைச் சேர்த்து நூல்மாலை கட்டினோம். என் சிட்டத்தில் ஏகப்பட்ட முடிச்சு. அவர் மாலையைக் கழற்றி, ஒவ்வொரு சிட்டமாகத் தூக்கிப் பார்த்து, "இது யார்ரா நூத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னுடையதைப் பார்த்ததும், கேட்காமலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். முடிச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்! அன்றைக்கு நான் அந்த மாலைக்குள் இருந்தேன்.

இத்தோடு முடித்தால் இனிப்பான கதை. ஆனால் வரலாறு வாத்தியார் பாதியில் நிறுத்தக் கூடாது.

1952-ல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். 1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம்தான், இரண்டு முறையாக. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரிடம் தொழில் கற்கலாம். பணமும் கட்டடமும் பற்றாத நிலையில் நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைக்க இதுவே வழி, கைத்தொழிலுக்கும் மதிப்பு வரும் என்பது அவர் வாதம். எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். சிரைப்பவர் மகன் சிரைக்கவும், செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும் அரசாங்கமே நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர் பெரியார். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் புதுப்பாளையத்தில் ராட்டை ஆசிரமம் நடத்தியவர். இன்னொருவர் ஈரோட்டில் கதர் மூட்டை சுமந்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள். கைவேலையின் அருமை இருவருக்கும் தெரியும். ஆனாலும் எதிரெதிரே நின்றார்கள். ஏன்? வக்கீல் விரும்பி நூற்றால் அது தியாகம். பிறப்பைக் காட்டி ஒரு பிள்ளையை நூற்கச் சொன்னால் அது விலங்கு. கைவேலைக்குள் செய்தவர் இருக்க வேண்டுமானால், செய்யாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருந்திருக்க வேண்டும். என் வாசிப்பில் அந்தச் சண்டையின் சாரம் இதுதான்.

பாடம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1990-களில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அப்பாவும் அம்மாவும் மூங்கில் கூடை முடைந்து சந்தையில் விற்பவர்கள். ஆசிரியர் தினத்தன்று, பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். பிரித்தால் மூங்கிலில் பின்னிய ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு அறை. ஒன்று சாக்பீசுக்கு, மற்றது டஸ்டருக்கு. சாக்பீசை சட்டைப் பையில் போட்டுச் சட்டையெல்லாம் வெள்ளையாக்கிக்கொள்வது என் வழக்கம். அதைக் கவனித்துச் செய்திருக்கிறான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் எதுக்குடா செய்யற? நீயும் கூடை முடையவா போற? இந்த நேரத்துல நாலு கணக்குப் போடலாமல்ல?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவன் படித்து மேலே வர வேண்டும் என்ற ஆசை. 1953-ன் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டதாக நினைப்பு. ஆனால் அந்தப் பையன் முகம் சுருங்கிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதே வாரம் வசதியான வீட்டுப் பிள்ளை ஒன்று, கலர் பேப்பரில் பூ வெட்டி ஒட்டிய வாழ்த்து அட்டை கொடுத்தது. "அடடா, என்ன கைவண்ணம்!" என்று வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினேன். ஒரு பிள்ளையின் கைவேலை எனக்குக் கலையாகத் தெரிந்தது. இன்னொரு பிள்ளையின் கைவேலை அவன் சாதியாகத் தெரிந்தது. அவனை யாரும் செய்யச் சொல்லவில்லை. அவனாக விரும்பி, எனக்காக யோசித்துச் செய்தது அது. மேரி ராணியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பேத்தி தைத்த பெயர்களைப் பார்த்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். பட்டுப் போல மடியும். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள், வீட்டிலேயே தறி. கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரையும் முகூர்த்த நாளையும் சேர்த்தே நெய்து தருவார்கள். பெயர் போட்டுப் பரிசு கொடுப்பது இன்றைய புதுமை என்று நினைப்பவர்கள் அந்தப் பாயைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பெயர் இருக்கும். நெய்தவள் பெயர் மட்டும் இருக்காது. நம் பவானி ஜமக்காளத்திலும் சென்னிமலைப் போர்வையிலும் அப்படித்தானே? நெய்தவர் பெயரை நாம் கேட்பதில்லை. விலையைக் கேட்போம், பிறகு குறைக்கச் சொல்வோம்.

ஆகவே, உறவுகளே, பிள்ளைகளே, வீட்டில் உட்கார்ந்து பரிசு செய்யுங்கள். நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, முடிச்சு இருந்தால் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்படிச் செய்து பழகிய கைக்கு இன்னொருவர் கையின் உழைப்பும் தெரியும். பத்து ராத்திரி தைத்த பிறகு, ஜமக்காளம் வாங்கும் இடத்தில் என் பேத்தி பேரம் பேச மாட்டாள் என்று நம்புகிறேன்.

மறுநாள் அவளிடம் ஒன்று சொன்னேன். "துணியோட பின்பக்கம், ஓரத்துல, உன் பேரையும் சின்னதா தெச்சுடு கண்ணு." சரி என்று தைத்திருக்கிறாள்.

அந்த மூங்கில் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை சாக்பீஸ் அதில்தான் இருந்தது. இப்போது என் மேசையில், மாத்திரை அட்டைகளும் மூக்குக் கண்ணாடியும் அதில்தான் இருக்கின்றன. ஒரு பின்னல்கூட விடவில்லை. ஆனால் இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே அமையவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது. அவன் வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால் அவனிடம் சேர்த்துவிடுங்கள். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லுங்கள். நன்றியும், முப்பது வருடம் தாமதமாக.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்